தராசு மட்டும் போதுமா?

மலையகத்துக் குழந்தை என்றதும் மெலிந்த கைகளும் குழிவிழுந்த கண்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அச்சித்திரம் பொய்யன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்றும், தோட்டப் பகுதிகளிலோ அத்தொகை நூற்றுக்கு ஏறக்குறைய 32 என்றும் 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு கூறிற்று. மூன்றில் ஒரு பிள்ளை குறுகிப்போன சமுதாயத்தில் பிள்ளைகளின் உடற்பருமனைப் பற்றி ஒருவன் எழுதத் துணிந்தால், "பசித்தவன் வீட்டு வாசலில் நின்று அஜீரணத்தைப் பற்றிப் பேசுகிறாயா?" என்று வாசகர் கேட்பது நியாயமே. அந்த நியாயமான கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நாடா சொன்ன செய்தி

லயக் காம்பரா ஒன்றை ஒட்டி இறக்கப்பட்ட கூரை பற்றிய தகராற்றின் பொருட்டு, அண்மையில் பசறை வீதியை அடுத்த ஒரு தோட்டத்துக்குச் சென்றிருந்தேன். அளவு எடுக்க நாடா ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். அந்த வீட்டுத் தாய் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தன் நாலரை வயது மகனின் சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். "கோடு பச்சையிலதாங்க ஐயா போகுது. நம்ம புள்ள நல்லா வளருது" என்றார். அவர் முகத்தில் அன்று கண்ட பெருமிதத்தை நான் மறக்கவில்லை. கிளினிக்கில் அன்றைக்குப் பாராட்டுப் பெற்ற பிள்ளைகளுள் அவனும் ஒருவன். நிறை 17 கிலோகிராம்.

பையன் கன்னம் புடைத்து வயிறு முன்தள்ளி நின்றான். ஆயினும் வாயிற்படியில் நின்ற அவனது தலை எனக்கு மிகத் தாழ்வாகத் தோன்றிற்று. கையிலிருந்த நாடாவால் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். 95 சென்ரிமீற்றர்.

பதுளைக்குத் திரும்பியதும் இவ்விரு எண்களையும் வைத்திய நண்பர் ஒருவரிடம் கூறினேன். அவர் விளக்கியது இதுதான்: நாலரை வயதுச் சிறுவனுக்கு 17 கிலோகிராம் ஏறக்குறைய நடுத்தரமான நிறை. ஆதலின் கோடு பச்சையில் ஓடியதில் தவறில்லை. ஆனால் அவ்வயதின் நடுத்தர உயரம் 106 சென்ரிமீற்றர் அளவாகும். 98க்குக் கீழே இறங்கினால் வளர்ச்சி குன்றியதாகக் கொள்வர். இவனோ 95. அவ்வளவு குறுகிய உடல் 17 கிலோகிராமைச் சுமக்கும்போது அது அதிநிறை. ஆகவே இப்பிள்ளை ஒரே நேரத்தில் குன்றியவனுமாவான், பருத்தவனுமாவான்.

இரண்டு பொய்ச்சாட்சிகள் ஒருவரையொருவர் ஒத்துப் பேசினால் நீதிமன்று ஏமாறுவதுண்டு. இங்கு நடந்ததும் அதுவே. உயரத்தின் குறையும் கொழுப்பின் மிகையும் தராசில் ஒன்றையொன்று ஈடுசெய்து, "பிள்ளை நலம்" என்று ஒரே குரலிற் சாட்சி சொல்லிவிட்டன. குறுக்கு விசாரணை செய்ய அங்கு உயரக்கோல் இல்லை.

இக்குற்றத்தைக் குடும்பநல உத்தியோகத்தர் மீது சுமத்துவது பாவம். பல டிவிசன்களை நடந்தே சுற்றிவரும் அப்பெண்மணிகள் இல்லையேல் நம் தாய்மாரின் கதி என்னவாகியிருக்கும்? பதிவேட்டில் உயரத்துக்கும், உயரத்துக்கேற்ற நிறைக்கும் தனித்தனி வரைபடங்கள் இருக்கவே இருக்கின்றன. நான் புரட்டிய பதிவேட்டில் நிறைக்கோடு மாதந்தோறும் ஏறியிருந்தது. உயரப் பக்கத்திலோ இரண்டொரு புள்ளிகளே. பிள்ளைகள் நாற்பது பேர் வரிசையில் நிற்க, தாய்மார் வேலைக்குத் திரும்ப வேண்டிய அவசரத்தில், தராசு மட்டும் வேலை செய்கின்றது. நாம் நெடுங்காலம் ஒரே நோயைத் தேடினோம். அதற்கேற்ற கருவியையே கையில் வைத்துக்கொண்டோம்.

கருவிலே தொடங்கும் கணக்கு

பசியும் பருமனும் எதிரெதிர் நோய்கள் என்று நினைப்பதே நம் முதற் பிழை. அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் 1911ஆம் ஆண்டு முதல், எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில், வீடு வீடாகச் சென்ற தாதியர் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பு நிறையையும், ஓராண்டு நிறைவில் அதன் நிறையையும் பேரேடுகளில் எழுதி வைத்தனர். எழுபத்தைந்து ஆண்டுகளின் பின் டேவிட் பாக்கர் என்னும் வைத்தியப் பேராசிரியர் அப்பேரேடுகளைத் தேடியெடுத்து, 1911 முதல் 1930 வரை பிறந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களின் வாழ்வையும் மரணத்தையும் ஒப்புநோக்கினார். சிறிதாய்ப் பிறந்து, முதலாண்டில் நிறை குறைந்திருந்தவர்களே இருதய நோயால் அதிகம் மாண்டனர் என்பதை 1989இல் வெளியிட்டார். கருவிலே பட்டினி கண்ட உடல், வாழ்நாள் முழுவதும் பஞ்சத்தை எதிர்பார்த்தே கணக்கு வைக்கின்றது. பின்னர் உணவு சற்று மிகுந்தால் அதைக் கொழுப்பாகப் பதுக்குகின்றது.

இந்தியாவிலே புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் இதை நம் இனத்துக் குழந்தைகளிடமே கண்டனர். புனேயிற் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்தின் சவுத்ஹாம்ப்டனிற் பிறந்தவற்றிலும் ஏறக்குறைய 800 கிராம் நிறை குறைந்தவை. குறைந்தது தசையும் உறுப்புகளுமே. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்தது, உள்ளே கொழுத்தது!

இதைத் தோட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். குன்றி வளர்ந்த பெண், கருவுற்றும் மலையேறிக் கொழுந்து பறிக்கின்றாள். அவள் வயிற்றிற் சிறிய குழந்தை பிறக்கின்றது. அக்குழந்தைக்குக் கோதுமை மா ரொட்டியும் சீனி கலந்த சாயத்தண்ணியும் கிடைக்கின்றன. உயரம் வளர்வதற்கு வேண்டிய புரதமும் இரும்பும் நாகமும் அதில் எங்கே? வயிறு நிறைகின்றது, எலும்பு வளரவில்லை. முப்பது வயதில் நீரிழிவு வந்து படுக்கும்போது, "சீனி வியாதி எனக்கு எப்படி ஐயா வந்தது? நான் என்ன பணக்காரனா?" என்று அவன் கேட்கின்றான். அந்நோயின் முதற் தவணை அவன் பிறக்குமுன்னரே கட்டப்பட்டுவிட்டது.

மாவும் சீனியும் வந்த வழி

"ஏன் இவர்கள் மாவையே தின்கிறார்கள்?" என்று நகரத்துப் படித்தவர் சிலர் இகழ்ச்சியாகக் கேட்பதுண்டு. தோட்டத் தொழிலாளி மாவைத் தேடிப் போகவில்லை. மா அவனைத் தேடி வந்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மாண்டவரின் தொகை உயர்ந்ததை மலையகத்தின் முதியோர் இன்றும் மறக்கவில்லை. அந்நாளில் உயிர் காத்தது கிடைத்த மாவும் மரவள்ளியுமே. விடியுமுன் பிரட்டுக் களத்துக்கு ஓடவேண்டிய பெண்ணுக்கு, அடுப்பில் விரைவில் வேகுவதும் கையில் எடுத்துச் செல்லத்தக்கதும் ரொட்டியேயன்றி வேறு யாது?

அதன்பின் வந்தது 2022. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று. 2021இலே பெரும் போராட்டத்தின் பின் ஆயிரம் ரூபாயாகிய நாட்கூலியை அந்த ஓராண்டு விழுங்கிவிட்டது. பானையிலிருந்து முதலிற் கழிந்தவை முட்டையும் கருவாடும் பருப்பும். கடைசிவரை நின்றவை மாவும் சீனியும். அதே காலத்தில், 1973 முதல் தாய்மாருக்கும் மெலிந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவந்த திரிபோஷாவும் சோளமின்றித் தடைப்பட்டது.

மறுபுறத்தில், லயத்தின் முனைக் கடையிலே வர்ணப் பொட்டலங்களும் இனிப்புப் பானங்களும் தொங்குகின்றன. தாய் மலையில், தந்தை கொழும்பில். பிள்ளை அழுதால் பாட்டியின் கையில் உள்ள சில்லறையே தாலாட்டு. பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்ட 2016இல் மூவர்ண அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. அவ்வரம்பிலே நிற்கும் 400 மில்லிலீற்றர் போத்தலொன்றில் 44 கிராம் சீனி, அதாவது பதினொரு தேக்கரண்டி. சீனியால் வரும் சக்தி நாளுணவில் பத்திலொன்றைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது ஏறக்குறைய 35 கிராம். ஒரு போத்தலே நாள் வரம்பை மீறுகின்றது. 2017 நவம்பரில் ஒவ்வொரு கிராம் சீனிக்கும் ஐம்பது சதம் வரி விதித்த அரசாங்கம், பின்னர் தானே அதைக் குறைத்தது. ஏழையின் பிள்ளைக்காக எழுந்த சட்டம் எத்துணை விரைவில் களைத்துப்போகின்றது பாருங்கள்!

நகரத்தாருக்கும் ஒரு சொல்

இதை வாசிக்கும் வைத்தியரும் ஆசிரியரும் வழக்கறிஞரும், "இது தோட்டத்துச் செய்தி" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பதுளை நகரத்தில் நம் பிள்ளைகள் காலையில் வேனில் ஏறுகின்றனர். மாலையில் ரியூசன் வாங்கில் அமர்கின்றனர். இரவில் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி உண்கின்றனர். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் பூதம் எட்டு வயதிலிருந்தே விளையாட்டை விழுங்கிவிடுகின்றது. தோட்டத்துப் பிள்ளைக்கு மைதானம் இல்லை. நகரத்துப் பிள்ளைக்கு மைதானம் இருந்தும் நேரம் இல்லை. கொழுத்த பிள்ளை செல்வத்தின் அடையாளம் என்ற பழைய எண்ணமும் நம்மை விட்டகலவில்லை.

ஐந்து முதல் பத்தொன்பது வயது வரையினரில், மெலிந்தவரைவிட உடற்பருமன் உற்றவரின் தொகை உலகளவில் மிகுந்துவிட்டதென யுனிசெவ் 2025இல் அறிவித்தது. தெற்காசியா அந்நிலையை இன்னும் எட்டவில்லை என்பதும் அவ்வறிக்கையின் செய்தி. இதைக் கேட்டு நாம் உறங்கலாகாது. வெள்ளம் வருமுன் அணை கட்டுவதற்கு நமக்குச் சிறிது காலம் இருக்கின்றது என்பதே அதன் பொருள்.

எதிர்வாதமும் விடையும்

எதிர்வாதத்தை மறைப்பது வழக்கறிஞனுக்கு அழகன்று. 2016ஆம் ஆண்டின் அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்டோரில் அதிநிறையுள்ளவர் நூற்றுக்கு 2 பேரே என்றது. "இச்சிறு தொகைக்காகக் கூச்சலிட்டால், தோட்டத்துப் பிள்ளைகள் கொழுத்துவிட்டார்கள் என்று கூறித் திரிபோஷாவையும் பாடசாலை உணவையும் வெட்டுவதற்கு அதிகாரிகளுக்கு நீரே கத்தி எடுத்துக் கொடுக்கிறீர்" என்று தொழிற்சங்க நண்பர் ஒருவர் என்னை எச்சரித்தார். அவருடைய அச்சம் வீணானதன்று. ஆதலின் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகின்றேன்: திரிபோஷாவில் ஒரு பொட்டலமும் குறையலாகாது, பாடசாலை உணவில் ஒரு கவளமும் குறையலாகாது. நான் கேட்பது உணவைக் குறைக்க அன்று. உணவின் தரத்தை மாற்ற.

அந்த நூற்றுக்கு 2 என்பது சிறு தொகையே. ஆனால் பிறவியிலேயே குறுகிய மூன்றில் ஒரு பங்கினரே, நாளை மலிவான மாவாலும் சீனியாலும் பருத்து நோயுறக்கூடியவர். அவர்களை இன்று அளக்காமல் விட்டு, நாளை நீரிழிவுக் கிளினிக்கின் வரிசையில் எண்ணுவதா?

சட்டத்தின் சொல்லும் சமுதாயத்தின் கடனும்

ஹார்ட்ஃபோர்ட்ஷையரில் தாதியர் பேரேடு திறந்ததற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1912இல், இலங்கையில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. தோட்டத்தில் வாழும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தக்க பராமரிப்பும் போசணையும் கிடைப்பதை உறுதிசெய்தல் தோட்டத்துரையின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. அந்நிய ஆட்சி, தன் கூலிப்படையைக் காக்கும் சுயநலத்தால் எழுதிய சட்டமே அது. எனினும் "குழந்தையின் போசணைக்குப் பொறுப்பாளி ஒருவன் உண்டு" என்னும் கொள்கை அதில் இருந்தது. 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் கம்பனிகளுக்குப் போயிற்று. கை மாறும்போதெல்லாம் தேயிலைச் செடியின் கணக்கு ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டது. பிள்ளையின் கணக்கு மட்டும் அரசாங்கத்துக்கும் கம்பனிக்கும் நடுவே விழுந்துவிட்டது.

அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை போதிய உணவைப் பற்றிப் பேசுகின்றது. 29ஆம் உறுப்புரையோ அதை நீதிமன்றில் வலியுறுத்த முடியாது என்று வாயை மூடுகின்றது. 1991இல் நம் நாடு ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமோ, மந்தபோசணையை எதிர்த்துப் போராடும் கடமையை அரசாங்கத்தின் தலையில் வைக்கின்றது. மந்தபோசணை என்பது குறைவை மட்டும் குறிப்பதன்று. மிகையும் சமமின்மையும் அதனுள் அடங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணம். ஆகவே அந்த நாலரை வயதுச் சிறுவன் தயவு கேட்டு நிற்பவன் அல்லன். உரிமை கேட்டு நிற்பவன்.

செய்யத்தக்கவை

முதலாவது, தராசுள்ள இடமெல்லாம் உயரக்கோலும் இருக்க வேண்டும். ஒரு பலகையும் ஒரு நாடாவும் கோடி ரூபாய்ச் செலவல்ல. கிளினிக்கில் மட்டுமன்றிப் பிள்ளைக் காம்பராவிலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது உயரத்துக்கேற்ற நிறையைப் பதிவு செய்க. பாடசாலை மருத்துவப் பரிசோதனை முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் நடைபெறும் விதி உண்டு. மலையுச்சித் தோட்டப் பாடசாலைகளில் அது தவறாது நடக்கின்றதா என்பதைப் பெற்றோர் சங்கங்கள் கேட்டறிக.

இரண்டாவது, அளந்தபின் சொல்லும் சொல் தாய்க்கு விளங்க வேண்டும். 1988இன் பதினாறாம் திருத்தத்தின் பின்னும் ஆலோசனை தாய் அறியாத மொழியில் நிகழ்ந்தால் அதனாற் பயனென்ன? பதுளை மாவட்டத்தில் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்ட பிரதேசங்கள் இருக்கின்றன. அங்கேனும் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தரை நியமிக்குமாறு நாம் வற்புறுத்த வேண்டும். பருத்த பிள்ளையைப் பட்டினி போடுவதும் பழிப்பதும் மருந்தல்ல. நிறையை அதே அளவில் நிறுத்தி உயரத்தை வளரவிடுவதே பெரும்பாலும் சிகிச்சை என்பதைத் தாய்க்கு அன்போடு விளக்குக.

மூன்றாவது, பிள்ளைக் காம்பராவின் உணவு கூலிப் பேச்சுவார்த்தையின் மேசைக்கு வர வேண்டும். நாட்கூலிக்காக வேலைநிறுத்தம் செய்த நம் சங்கங்கள், பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை வேண்டுமென்று எத்தனை முறை கேட்டோம்? அக்குற்றச்சாட்டில் என்னையும் ஒரு பிரதிவாதியாகவே சேர்த்துக்கொள்கின்றேன்.

நான்காவது, விவசாயப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும் விளையும் போஞ்சியும் கரட்டும் கெப்பெட்டிபொலைச் சந்தையில் லொறியேறி மாகாணம் கடந்து போகின்றன. பக்கத்து மலையிலுள்ள பிள்ளைக் காம்பராவுக்கோ அவை எட்டாக் கனி. விலை வீழ்ந்த நாட்களில் மரக்கறியை வீதியோரம் கொட்டுவதை நாம் கண்டிருக்கின்றோம். விவசாயச் சங்கமும் தோட்டமும் நேரடியாக உடன்படிக்கை செய்தால், விளைவித்தவனுக்கு நிலையான விலையும் பிள்ளைக்குக் கறியும் கிடைக்கும். குரக்கனையும் பயற்றையும் அவ்வாறே சேர்க்கலாம்.

ஐந்தாவது, மைதானம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்காகச் சபைப் பணத்தைச் செலவிட விடாது முப்பது ஆண்டு தடுத்து நின்றது. 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. கதவு திறந்துவிட்டது, நுழைந்தவர் எத்தனை பேர்? நம் வாக்கால் அமர்ந்த உறுப்பினர்கள், ஒவ்வொரு டிவிசனிலும் பிள்ளைகள் ஓடியாட ஒரு சமதரையையும், லயத்தைச் சுற்றி ஒரு கீரைப் பாத்தியையும் அடுத்த வரவுசெலவுத் திட்டத்திற் சேர்க்கட்டும். அந்தப் பாத்தியை நாட்டுவதற்கு நிலம் வேண்டும். காணியுரிமைப் போராட்டமும் பிள்ளையின் உடல்நலமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தத் தாயிடம் நான் மீண்டும் சென்றேன். பச்சைக் கோட்டைப் பற்றி அவர் கொண்டிருந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. கெடுக்காமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்ப இத்தனை நாளா ஏங்கய்யா ஒருத்தரும் அளக்கல?" என்றார். வழக்குமன்றில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை கூறிய எனக்கு அதற்கு விடை இருக்கவில்லை. அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் அரசாங்கமும் கம்பனியும் மட்டுமல்லர். சங்கங்களும் சபைகளும், படித்த நாமும் அப்பட்டியலில் இருக்கின்றோம். அடுத்த கிளினிக் நாளிலாவது அந்தச் சுவரில் ஓர் உயரக்கோல் இருக்கட்டும்.